வீட்டு மணி எட்டரை

ஜூன் 12

அக்கா,

சரக்கு வண்டி ஓட்டுநர் நாளைக் காலை உங்கள் மலைக்குக் கிளம்புகிறார். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் பரிசோதனைக்கு யாரும் வரவில்லை. எதிர்ச் சுவரில் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன.

உன் பிள்ளைகள் நலம். பள்ளி திறந்துவிட்டது. பெரியவளுக்கு நான்காம் வகுப்பில் ஜன்னலோர இடம். சின்னவன் முதல் நாள் அழவில்லை. இரண்டாம் நாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து அழுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், சுவர் ஏறுவதை அவள் விடவில்லை. செவ்வாய், வியாழன். ரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழைய கிடங்குதான். கோடை விடுமுறையில் நீதான் சேர்த்துவிட்டாய், ஆனால் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினாய். அவள் ஏறி நீ பார்த்ததில்லை. பள்ளி திறந்ததும் வகுப்பை மாலை ஏழு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் முறை கடைசியில் வரும். முடிய எட்டேகால் ஆகிவிடும்.

நான் சொல்ல நினைப்பது வேறு.

கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில். மேலே ஒரு வளையத்துக்குள் போய்த் திரும்பி, மறுமுனை ஒரு சின்ன இரும்புக் கருவி வழியாக என் இடுப்பில். அவள் ஏற ஏற நான் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாடி உயரம். பாதிக்கு மேல் ஓரிடத்தில் பிடி ஒன்றும் கிடையாது. வெறும் சுவர். அங்கே நின்றாள். கீழிருந்து பார்த்தால் இரண்டு பாதம், ஒரு பின்னல். வெகுநேரம் அசையவில்லை. பிறகு சுவரில் கன்னத்தை வைத்தாள். அக்கா, காதைத்தான் வைத்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு கை போனது. எங்கே போனது, எதைப் பிடித்தது, எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு மேலே இருந்தாள்.

என் வாய் திறந்திருந்ததாகச் சின்னவன் சொன்னான்.

அங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர். உன் மகள் பல்லி. சொல்லிக்கொடுப்பவர் கயிற்றக்கா. பகலில் உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறார். உன் மகன் மூட்டை. எட்டு மணிக்கு அங்கே சுவரடி மெத்தையில் சாய்ந்தால் அப்புறம் அவனைச் சுமக்கத்தான் வேண்டும்.

உன் விதியை மீறவில்லை. வீட்டுக் கடிகாரத்தில் எட்டரை ஆகும்போது விளக்கு அணைந்துவிடுகிறது.

தம்பி


ஜூன் 20

தம்பி,

எட்டேகாலுக்கு வகுப்பு முடிகிறது. பேருந்துக்கு நிற்க வேண்டும். அரை மணி நேரப் பயணம். தெருமுனையிலிருந்து ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். ஆனால் எட்டரைக்கு விளக்கு அணைந்துவிடுகிறது. மலையைக் குடைகிறவளிடம் கொண்டுவந்து காட்டுகிற கணக்கா இது?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். இங்கே சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல், குடையைப் பிடித்துக்கொண்டு. சின்னவன்தான் எடுத்தான்.

"ராத்திரி எத்தனை மணிக்குடா தூங்குறீங்க?"

"வீட்டு மணியா, ஸ்கூல் மணியா?"

"அது என்னடா வீட்டு மணி?"

"மாமா ஸ்டூல் மேல ஏறி முள்ளைத் தள்ளிவிடுவாரும்மா. அதான் வீட்டு மணி. காலையில திரும்ப ஏறித் தள்ளுவாரு. அக்கா சுவர்ல ஏறுறா, மாமா ஸ்டூல்ல ஏறுறாரு. நான் மட்டும் எதுலயும் ஏறல."

உனக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் பிள்ளைகளை உன்னிடம் விட்டுவந்தேன். இப்போதும் நீ சொல்லவில்லை. கடிகாரத்தைச் சொல்ல வைத்திருக்கிறாய். நம் வீட்டில் இப்படி ஒரு யோசனை உனக்கு மட்டும்தான் வரும். படித்த படிப்பு வீண்போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேனே என்று கோபம் இரண்டு மடங்கானது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அளவையாளர் என்ன விஷயம் என்று கேட்டாள். "எங்க வீட்டுக்குத் தனியா ஒரு நேரம் ஓடுதாம்" என்றேன்.

முள்ளைச் சரியாக வை. அதன் பிறகும் எட்டரைக்குப் படுக்க முடிந்தால் ஏறட்டும். முடியாவிட்டால் நிறுத்து.

இங்கே சுரங்கப் பாதையை மலையின் இரண்டு பக்கமிருந்தும் குடைகிறோம். இன்னும் சந்திக்கவில்லை. எங்கள் இயந்திரம் ஓய்கிற நேரத்தில் பாறை முகத்தில் உள்ளங்கையை வைத்தால் மறுபக்கத்தின் இயந்திரம் தெரிகிறது. சத்தம் வராது. ஒரு நடுக்கம் மட்டும். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு மலை என் கையில் சொல்கிறது. அப்போதெல்லாம் நான் வேலையை மறந்து நின்றுவிடுகிறேன்.

சரி, அது கிடக்கட்டும். முள்ளைச் சரியாக வை.

அக்கா


ஜூன் 28

அக்கா,

முள் சரியாக இருக்கிறது. ஸ்டூலை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒரே மணி. மூட்டைக்குத்தான் வருத்தம். "அப்ப நம்ம மணி செத்துப்போச்சா மாமா?" என்றான்.

செவ்வாய்க்கிழமை உண்மையாகவே முயன்றோம். கிளம்பும் முன்பே குளியல். சாப்பாடு டப்பாவில், போகிற வழியில், பேருந்தில். பல் துலக்கியது கிடங்கின் குழாயடியில். மூட்டைக்கு இரவு உடையை உள்ளேயே போட்டுவிட்டேன். கதவைத் திறந்தபோது மணி எட்டு ஐம்பது. பல்லி காலணியோடு கட்டிலில் விழுந்தாள். தோற்றோம்.

வியாழக்கிழமை நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கிடங்கில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மூட்டை தூங்கியதும் யாரும் வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் மேலிருந்து "பிடி" என்றும் "இறக்கு" என்றும் ஒரே கூச்சல். ஒரு நாள் அவன் திடுக்கிட்டு எழுந்து அழுதான். அன்றிலிருந்து கயிற்றால் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார் கயிற்றக்கா. ஒரு முறை சுண்டினால் பிடி. இரண்டு முறை சுண்டினால் இறக்கு. ஒரு வங்கிக் காவலாளி வருகிறார், ஆள் கதவு அகலம். ஒரு பல் டாக்டர். கல்லூரிப் பையன்கள். எல்லாரும் ஐந்து வயதுக்காரன் ஒருவனின் தூக்கத்துக்காகக் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சுவர் முழுக்க மனிதர்கள், மூச்சு மட்டும் கேட்கிறது. வெளியே ரயில் போனால் எல்லாரும் திரும்பி ரயிலை முறைக்கிறார்கள்.

வியாழக்கிழமை பல்லி உச்சிக்குப் போனாள்.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எட்டியவர்கள் அடிக்கலாம். தம்பி தூங்குகிறான் என்று அவள் அடிக்கவில்லை. மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு மணியை ஆட்டினாள். வராத அந்தச் சத்தத்துக்குக் கீழே எல்லாரும் தலையைத் தூக்கினோம்.

கயிறு இரண்டு முறை சுண்டியது. இறக்கினேன்.

பாதியில் கயிறு வேறு மாதிரி ஆனது. எப்படிச் சொல்வது. ஏறும்போது அவளுக்கு எடையே இருக்காது. மறுமுனையில் ஒரு யோசனை கட்டியிருப்பதுபோல இருக்கும். இப்போது எடை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னல் தொங்குகிறது. பிடி வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடி பூசிய இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து, கூரையைப் பார்த்தபடி. காற்றில் தூங்கிவிட்டாள்.

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கயிற்றக்கா பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க. இதே மாதிரி மெதுவா விடுங்க" என்று காதோரம் சொன்னார். சுவரில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரு குழந்தை தூங்கிக்கொண்டே, லேசாகச் சுழன்றுகொண்டே, எங்களிடம் வந்துகொண்டிருந்தது. என் மேல் ஒருவர் இவ்வளவு முழுசாகச் சாய்ந்ததில்லை அக்கா. மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம். கொஞ்ச நேரம் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

தம்பி

பி.கு.: வெள்ளிக்கிழமை அறிவியல் வகுப்பில் தூங்கிவிட்டாளாம். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை.


ஜூலை 5

தம்பி,

பின்குறிப்பைத்தான் முதலில் வாசித்தேன். நீ சொல்ல வேண்டியதைக் கடைசியில் ஒளித்து வைப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு பக்கம் அதிசயம் எழுதியிருக்கிறாய். என் மகள் களைத்துப்போய் மாடி உயரத்தில் தொங்கியிருக்கிறாள். இரண்டும் ஒரே விஷயம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இவர்கள் அப்பா வீட்டை விட்டுப் போன வருடம் நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். போனில் "எல்லாம் நல்லா இருக்கா" என்பாய். "இருக்குடா" என்பேன். அந்த வருடம் பெரியவள் தூங்கவில்லை. என் சட்டையின் ஓரத்தை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுப்பாள். விரலைப் பிரித்தால் விழித்துக்கொள்வாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சட்டையில் கட்டிப்போட்ட மாதிரி நான் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன்.

எந்த நேரம் தவறினாலும் அவளுக்குப் பயம். அவள் அப்பா வீட்டுக்கு வருகிற நேரம்தான் முதலில் தவறியது. பிறகு ஆளே வரவில்லை. ஆகவே நான் ஒரு நேரத்தை நட்டேன். எட்டரை. விருந்தாளி வந்தாலும் எட்டரை. எனக்குக் காய்ச்சல் என்றாலும் எட்டரை. அந்த வீட்டில் அப்போது நம்பும்படியாக இருந்தது அது ஒன்றுதான். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. முஷ்டி மட்டும் போகவில்லை. என் சட்டை இல்லாவிட்டால் தலையணை உறை. இன்றுவரை அவள் கை விரிந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

சுரங்கத்தில் கொஞ்சம் குடைந்ததும் இரும்பு வளையத்தை முட்டாகக் கொடுப்போம். அது நிற்கிறவரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வளையத்தைத்தான் நீ ஸ்டூல் மேல் ஏறித் தள்ளினாய்.

ஏறியது போதும். நிறுத்திவிடு. உன்னால் முடியாதென்றால் சொல், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் சந்திக்கிற அன்று நான் இல்லாவிட்டால் மலைக்கு ஒன்றும் இல்லை.

அக்கா


ஜூலை 18

அக்கா,

நிறுத்திவிட்டேன். நீ வேலையை விட வேண்டாம்.

எட்டரைக்கு விளக்கு அணைகிறது. எல்லார் மணியிலும்.

அந்த வருடத்தைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். நீ "இருக்குடா" என்றால் நான் நம்பிவிடுவேன். அவ்வளவு சுலபமாக நம்பியிருக்கக் கூடாது.

வாதாடவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் செவ்வாய்க்கிழமை அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "எத்தனை நாளைக்கு?" என்றாள். "அம்மா சொல்ற வரைக்கும்" என்றேன். "அம்மா மட்டும் நைட் ஷிஃப்ட் போகலாமா?" என்றாள். "போய்ப் படும்மா" என்றேன். போய்ப் படுத்தாள். அவ்வளவுதான் சண்டை.

ஆனால் தூங்கவில்லை. இருட்டில் ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் விரல்கள் சுவரில் நடந்துகொண்டிருக்கின்றன. கண் மூடித்தான் இருக்கிறது. அந்தப் பிடி இல்லாத இடத்துக்கு வந்ததும் விரல் நிற்கிறது. எனக்கும் மூச்சு நின்றது. பிறகு விரல் போனது.

மூட்டை கேட்கிறான்: "ஏன் மாமா இங்க யாருமே அமைதியா இல்ல?" வீட்டில் ஒரு சத்தமும் இல்லை அக்கா. நாங்கள் மூவரும் வாய் திறக்காமல் விழித்துக்கொண்டிருந்தோம். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

இன்னொன்று. நீ எழுதிய முஷ்டியை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். தலையணை உறையின் மூலையை விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள். நீ போனதிலிருந்து தினமும் நான்தான் போர்த்திவிடுகிறேன். இதுவரை அதை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பின்குறிப்பில் வைக்கவில்லை, கவனித்தாயா.

தம்பி


ஜூலை 22

தம்பி,

வியாழக்கிழமை ஒரு நாள் விடுப்பு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிடங்குக்கு வந்துவிடு. நான் பேருந்திலிருந்து இறங்கி நேராக அங்கே வருகிறேன். அவளிடம் நான் வருவதைச் சொல்லாதே. ஒரு முறை பார்ப்பேன், அவ்வளவுதான். எதையும் நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

தம்பி,

பேருந்தில் எழுதலாம் என்று நினைத்தேன். எழுத வரவில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே திட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

அவள் இறங்கியபின், நீ மூட்டையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் கயிற்றக்காவிடம் கேட்டேன், "ஏங்க எங்க பிள்ளைக்குக் கடைசியில முறை வருது?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "முறையா? இங்க சின்னப் பிள்ளைங்கதான் முதல்ல ஏறுறது வழக்கம். உங்க தம்பிதான், 'நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க'ன்னு ஒவ்வொருத்தரா ஏத்திவிட்டுட்டு ஓரமா நிப்பாரு. கதவைச் சாத்துற நேரத்துலதான் இந்தப் பிள்ளை ஏறும். வீட்டுல ஏதோ தகராறு போல, சீக்கிரம் போகப் பிடிக்கலன்னு நானும் கேக்கல."

டேய். கடிகாரத்தைத் திருப்பினாய். குழாயடியில் பல் துலக்க வைத்தாய். என்னை ராஜினாமா வரைக்கும் கொண்டுபோனாய். முன்னால் நிற்கிறவரிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. நீ ஓட்டுப் போட்டது முதல் சட்டை வாங்கியது வரை எல்லா வரிசையிலும் கடைசியில் நின்றவன். உன்னோடு சேர்ந்து என் பிள்ளைகளும் தூக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காவலாளிக்கும் பல் டாக்டருக்கும்.

ஏழு மணிக்கு அவள்தான் முதலில் ஏற வேண்டும் என்று கயிற்றக்காவிடமே சொல்லிவிட்டேன். ஏழரைக்குக் கிளம்பினால் உண்மையான எட்டரைக்குப் படுக்கையில் இருக்கலாம். கணக்கு இப்போது உதைக்கவில்லை.

திட்டியாயிற்று.

நான் கதவுக்கு வெளியிலேயே காலணியைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. உள்ளே அத்தனை பேர், அவ்வளவு அமைதி. நீ எழுதியபோது கொஞ்சம் கூட்டி எழுதுகிறாய் என்று நினைத்தேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறாய். மெத்தை நடுவில் என் மகன் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான், அவனைச் சுற்றிப் பெரிய பெரிய ஆட்கள் நுனிக்காலில் போகிறார்கள். இவர்களுக்கு அவன் யார்? நான் அங்கேயே நின்றேன். பாறையில் கையை வைத்தால் நிற்பேனே, அப்படி.

நீ கயிற்றை என்னிடம் கொடுத்தபோது அவள் பாதிக்கு மேல் இருந்தாள். கயிற்றக்கா எனக்குப் பின்னால் நின்று மிச்சக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் தினமும் கயிறும் இரும்பும் பார்க்கிறவள். ஆனால் அந்தக் கயிறு பேசும் என்று எனக்குத் தெரியாது. அவள் கால் மாற்றுவது என் கையில் தெரிகிறது. யோசிப்பது தெரிகிறது. பிடி இல்லாத இடத்தில் அவள் நின்றபோது கயிற்றில் ஒன்றுமே வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

பிறகு போனாள். நான் இழுத்துக்கொண்டேன்.

மணியை ஆட்டினாள். வராத சத்தத்தை நானும் கேட்டேன்.

இரண்டு முறை சுண்டிவிட்டுக் கீழே பார்த்தாள். கயிறு யார் கையில் என்று பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. "அம்மா" என்று கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அங்கே கத்தக்கூடாதே. சுவரிலிருந்து முதலில் ஒரு கையை எடுத்தாள். அப்புறம் மற்றதை. பின்னால் சாய்ந்தாள்.

எடை வந்தது.

தூங்கினாளா, கண்ணை மூடிக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. இறக்கிக்கொண்டே இருந்தேன். என் தலைக்கு நேராக வந்தபோது கையைப் பார்த்தேன். வெள்ளைப் பொடி. இரண்டும் விரிந்திருந்தன. எதையும் பிடிக்கவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவள் நான். இப்போது யாரும் தொடாமல்.

உன் ஜூன் மாதக் கடிதத்தில் இதை எழுதியிருந்தாய். ஒரே ஒரு வரி. நான் பின்குறிப்பை முதலில் வாசித்ததால் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் இரண்டு பக்கமும் சந்தித்துவிடும் என்கிறார்கள். நான் இங்கே இருப்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

"கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டேன். நான்கு முறை கேட்டாயிற்று. முதல் தடவை காவலாளிக்குக் காதில் விழவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டிருக்கிறேன். பல்லி என்னை இடித்து, "சத்தமா கேளு மாமா, தம்பி இன்னும் தூங்கல" என்றாள். சத்தமாகக் கேட்டேன். அவர் சுவரையே எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல் கையை விரித்து விலகினார்.

ஏழரைக்குக் கிளம்பிவிடுகிறோம். மூட்டை இப்போது மெத்தையில் தூங்குவதில்லை. பேருந்தில் என் மடியில்தான். ஆனாலும் மூட்டைதான். ஆசிரியை இப்போது வேறு புகார் சொல்கிறார்: அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்டுத் துளைக்கிறாளாம்.

போன வியாழன் என் குடையைக் கிடங்கில் மறந்துவிட்டேன். மறுநாள் கயிற்றக்காவிடம் போய் வாங்கியபோது கேட்டேன், "இப்பத்தான் பையன் அங்க தூங்குறதில்லையே, எல்லாரும் பழையபடி சத்தம் போடுறாங்களா?"

"நானும் போடலாம்னுதான் சொன்னேன்" என்றார். "யாருக்கும் வரல."

அங்கே அந்த மெத்தையின் நடுவில் இப்போதும் யாரும் காலை வைப்பதில்லையாம்.

நேற்று எட்டரைக்கு விளக்கை அணைக்கப் போனேன். பல்லி தூங்கியிருந்தாள். சரியாகக் கழுவாத கை, விரல் இடுக்கில் இன்னும் பொடி. தலையணைக்கு வெளியே விரிந்து கிடந்தது. அதில் ஏதாவது வைக்கலாம் போலிருந்தது. ஒன்றும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

தம்பி